பாஸ்பேட் பிணைப்பிலிருந்து மரபணு வரை: ஹர் கோவிந்த் குரானாவின் ஆய்வுப் பயணம்

1968ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ராபர்ட் ஹாலி, மார்ஷல் நிரன்பர்க், ஹர் கோவிந்த் குரானா ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மரபுக்குறியீட்டையும் (மரபணு எழுத்துகளின் வரிசை எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கிறது என்ற விதியையும்), புரத உருவாக்கத்தில் அது செயல்படும் விதத்தையும் விளக்கியமைக்காகவே பரிசு என்று அறிவிப்பு கூறியது. அந்த அறிவிப்பு சரியானதே. ஆனால் அதை மட்டும் படிப்பவர் குரானாவை மரபுக்குறியீட்டை ‘உடைத்த’ ஒருவராகவே நினைவில் கொள்வார். அவரது நாற்பதாண்டுக் கால வெளியீடுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு உருவம் தெரிகிறது: டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலங்களை நாம் விரும்பும் வரிசையில் ஆய்வகத்தில் கட்ட முடியுமா என்ற ஒரே கேள்வியைத் துரத்திய கரிம வேதியியலர் அவர். மரபுக்குறியீடு அந்தத் தேடலின் நடுவழியில் கிடைத்த பெரிய பயன். அதுவே தேடலின் முடிவு அன்று. இந்த ஆய்வு அவரை அந்தக் கோணத்தில்தான் அணுகுகிறது. எனவே பரிசுகளைவிட வினைப்பொருள்களுக்கும், விருது விழாக்களைவிடக் குடுவையில் நடந்தவற்றுக்கும் இங்கே இடம் அதிகம்.

பின்னணி

குரானா 1922இல், இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாப் பகுதியின் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏறக்குறைய 100 பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே குடும்பம் கிட்டத்தட்டத் தங்களுடையதுதான் என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டிருக்கிறார். தந்தை நிலவரிக் கணக்கராகப் பணியாற்றியவர். முல்தானில் பள்ளிப்படிப்பும் லாகூர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பும் முடித்த குரானா, 1945இல் இந்திய அரசின் உதவித்தொகையுடன் லிவர்பூல் சென்று 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். அவரைப் பற்றிய கட்டுரைகள் பலவும் இந்த வறுமைப் பின்னணியிலேயே பாதிப் பக்கங்களைச் செலவிட்டுவிட்டு, அடுத்த பத்தியில் நோபல் பரிசுக்குத் தாவிவிடுகின்றன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளே இங்கு நம் பொருள்.

லிவர்பூலுக்குப் பின் ஓராண்டு சூரிக்கின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் விளாடிமிர் பிரெலோக்கிடம் பணியாற்றினார். பிரெலோக்கின் ஆய்வு நியூக்ளிக் அமிலங்களைப் பற்றியதன்று. ஆயினும் அங்கே பழைய ஜெர்மன் வேதியியல் நூல்களைப் புரட்டியபோது, கார்போடைஇமைடுகள் என்ற சேர்மக் குடும்பம் குரானாவின் கண்ணில் பட்டது. அதிகம் பயன்படுத்தப்படாமல் கிடந்த அந்தச் சேர்மங்கள்தான் அவரது அடுத்த பத்தாண்டுகளை வழிநடத்தின. 1949இல் இந்தியா திரும்பினார். பிரிவினைக்குப் பிந்தைய அந்த நாட்களில் தகுந்த ஆய்வுப் பணி அமையவில்லை. மீண்டும் இங்கிலாந்து சென்று, 1950 முதல் 1952 வரை கேம்பிரிட்ஜில் ஜி. டபிள்யூ. கென்னர், அலெக்சாண்டர் டாட் ஆகியோரின் ஆய்வகத்தில் இருந்தார். நியூக்ளிக் அமிலங்களின் கட்டுமான அலகுகளான நியூக்ளியோடைடுகளின் வேதியியலில் அன்று உலகிலேயே முன்னணியில் இருந்த இடம் அது. டாட் 1957இல் அதற்காகவே நோபல் பரிசு பெற்றார்.

நீரை அகற்றும் சிக்கல்

கேம்பிரிட்ஜில் குரானா எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பை நினைவுபடுத்திக்கொள்வது போதும். ஒரு நியூக்ளியோடைடின் சர்க்கரையையும் அடுத்த நியூக்ளியோடைடின் சர்க்கரையையும் ஒரு பாஸ்பேட் இணைக்கிறது. பாஸ்பேட்டிலும் சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதியிலும் இருந்து ஒரு நீர் மூலக்கூறு வெளியேறினால் அந்தப் பிணைப்பு உருவாகிவிடும். தாளில் எழுத எளிது. நடைமுறையிலோ பாஸ்பேட் அயனி அவ்வளவு சுலபத்தில் வினைபுரிவதில்லை. நீரை வலுக்கட்டாயமாக இழுத்தெடுக்கும் கடுமையான வினைப்பொருள்களைப் போட்டால், காரங்களையும் (அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்ற டி.என்.ஏ. ‘எழுத்துகள்’) சர்க்கரையையும் பிணைக்கும் மென்மையான பிணைப்பு முதலில் சிதைந்துபோகும். மென்மையான சூழலில், அறை வெப்பநிலையில், பாஸ்பேட்டைத் தூண்டிவிடும் ஒரு பொருள் வேண்டியிருந்தது.

டைசைக்ளோஹெக்சில் கார்போடைஇமைடு அந்த வேலையைச் செய்தது. அது பாஸ்பேட்டுடன் சேர்ந்து அதை வினைக்கு ஆயத்தப்படுத்துகிறது. வினை முடிந்ததும், வெளியேற வேண்டிய நீரைத் தன்னுள் ஏற்று டைசைக்ளோஹெக்சில் யூரியாவாக மாறி, வெண்ணிற வீழ்படிவாகப் படிகிறது. வடிகட்டி எடுத்துவிட்டால் போதும். பாஸ்பேட் எஸ்டர்களுடன் கார்போடைஇமைடு புரியும் வினையைக் குரானாவும் டாட்டும் 1953இல் வெளியிட்டனர். இதே வினைப்பொருள் 1955இல் ஷீஹன், ஹெஸ் இருவர் கைகளில் புரதத் துண்டுகளைக் கட்டுவதற்கும் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உயிர்மூலக்கூறுகளின் இரு பெரும் குடும்பங்களும் அந்தக் காலத்தில் ஒரே கருவியை நம்பியிருந்தது புலப்படும்.

வான்கூவர்: வசதி குறைந்த இடம், நிறைந்த சுதந்திரம்

1952இல் கனடாவின் வான்கூவரில் இருந்த பிரிட்டிஷ் கொலம்பியா ஆய்வுக் கழகத்தில் குரானாவுக்கு வேலை கிடைத்தது. ஆய்வு வசதிகள் மிகக் குறைவு. ஆனால் விரும்பியதைச் செய்யும் முழுச் சுதந்திரம் இருந்தது என்று அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அவருக்கு அப்போது முப்பது வயது; பெயர்பெற்ற பல்கலைக்கழகப் பதவி ஏதும் கையில் இல்லை. அந்த நிலையில் அவர் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. உடனே டி.என்.ஏ.வைக் கட்டக் கிளம்பாமல், முதலில் சிறிய பாஸ்பேட் சேர்மங்களைத் தொட்டார்.

செல்களின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை டாட்டின் குழு 1949இலேயே தயாரித்துவிட்டது. ஆனால் பல கட்டங்கள் கொண்ட நீண்ட வழி அது. குரானா கார்போடைஇமைடைக் கொண்டு அதைவிடச் சுருக்கமான வழியை 1954இல் வெளியிட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள், ஜான் மொஃபாட் என்ற இளம் வேதியியலருடன் சேர்ந்து கோஎன்சைம் ஏ என்ற, அதைவிடச் சிக்கலான மூலக்கூறையும் தயாரித்தார். நொதிகளை ஆராய்ந்த உயிர்வேதியியலர்களுக்கு இவை அன்றாடம் தேவைப்பட்ட பொருள்கள். அவற்றைத் தேடிக்கொண்டு ஆர்தர் கோர்ன்பெர்க் போன்றோரே வான்கூவருக்கு வந்தார்கள். இந்தத் தொடர்பு பின்னர் பெரும்பயன் தந்தது. தான் கட்டும் சிறிய மூலக்கூறை நொதியிடம் கொடுத்தால் அது பெரிய மூலக்கூறாக வளர்த்துத் தரும் என்ற எண்ணம், நொதிகளோடு பழகிய ஒரு வேதியியலருக்கே இயல்பாகத் தோன்றும்.

இதற்கிடையே இழையை நீட்டும் வேலையும் தொடங்கியிருந்தது. இங்கேதான் நியூக்ளிக் அமில வேதியியலின் உண்மையான தலைவலி. ஒரு நியூக்ளியோடைடில் வினைபுரியக்கூடிய இடங்கள் பல: சர்க்கரையின் இரு முனைகளிலும் ஹைட்ராக்சில்கள், பாஸ்பேட்டின் ஆக்சிஜன்கள், மூன்று காரங்களில் அமினோ தொகுதிகள். எல்லாவற்றையும் திறந்துவைத்துக் கார்போடைஇமைடைச் சேர்த்தால், எது எதனோடு சேரும் என்பதற்குக் கணக்கே இருக்காது. வேண்டிய ஒரே இடத்தைத் திறந்துவைத்து மற்றவற்றை மூட வேண்டும். வேலை முடிந்ததும், கட்டிய இழைக்குச் சேதமில்லாமல் மூடிகளைக் கழற்ற வேண்டும். அவற்றையும் ஒவ்வொன்றாக, நாம் நினைக்கும் வரிசையில் கழற்ற வேண்டும்.

குரானாவின் குழு இதற்காக ஒரு முழுக் காப்புத் தொகுதி முறையையே உருவாக்கியது. காரங்களின் அமினோ தொகுதிகளுக்குப் பென்சாயில் வகை மூடிகள், குவானைனுக்கு ஐசோபியூட்டிரில்; இவை அம்மோனியாவில் கழலும். முனையில் உள்ள பாஸ்பேட்டுக்குச் சயனோஎத்தில், மென்மையான காரக் கரைசலில் அது நீங்கும். சர்க்கரையின் ஐந்தாம் முனைக்கு (ஐந்தாம் கார்பன் உள்ள முனை) டிரைட்டில். அது அமிலத்தில் கழலும். கடைசியில் ஒரு சிக்கல் எழுந்தது: வெறும் டிரைட்டிலைக் கழற்றத் தேவைப்படும் அமிலம், அடினைன், குவானைன் காரங்களையும் சர்க்கரையிலிருந்து பிய்த்துவிடும் அளவுக்குக் கடுமையானது. டிரைட்டிலின் பென்சீன் வளையங்களில் ஒவ்வொரு மெத்தாக்சித் தொகுதியாகச் சேர்த்தார்கள். ஒன்று சேரும்போது அது கழலும் வேகம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடியது. இரண்டு சேர்ந்த டைமெத்தாக்சிடிரைட்டில் போதுமான மென்மையோடு கழன்றது. 1962இல் வெளிவந்த அந்த ஆய்வின் முதல் ஆசிரியர் மைக்கேல் ஸ்மித். இன்றும் உலகெங்கும் டி.என்.ஏ. தயாரிப்பு இயந்திரங்கள் இந்த மூடியையே பயன்படுத்துகின்றன. அது கழலும்போது கரைசல் ஆரஞ்சு நிறமாவதை ஒளியால் அளந்துதான், ஒவ்வொரு சுற்றும் எவ்வளவு வெற்றி பெற்றது என்று இயந்திரம் கணக்கிடுகிறது. குரானாவின் வெளியீடுகளில் மிக நீண்ட ஆயுள் பெற்றது எது என்று கேட்டால், மரபுக்குறியீட்டு அட்டவணைக்கு முன்பாக இந்தச் சிறிய மூடியைச் சொல்லவே எனக்குத் தோன்றுகிறது.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறையும் இருந்தது. குரானா பின்பற்றிய வழியில், ஒரு முறை உருவான பாஸ்பேட் பிணைப்பு மூடப்படாமல் மின்னூட்டத்துடனேயே இருந்தது. அதனால் இழை நீள நீள அது கரிமக் கரைப்பான்களில் கரைய மறுத்தது. பிரிடின் என்ற கரைப்பான் ஒன்றே கைகொடுத்தது. ஒவ்வொரு சேர்க்கைக்குப் பிறகும் அயனிப் பரிமாற்ற நிரல்களில் கலவையை நாள்கணக்கில் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. விளைச்சல் கணக்கும் இரக்கமற்றது: ஒவ்வொரு சேர்க்கையும் 80 விழுக்காடு வெற்றி பெறுவதாக வைத்துக்கொண்டாலும், 20 நியூக்ளியோடைடுகள் கொண்ட இழையை ஒவ்வொன்றாகக் கட்டி முடிக்கும்போது எஞ்சுவது 1.4 விழுக்காடுதான். இதனாலேயே குரானாவின் குழு ஒற்றை நியூக்ளியோடைடுகளைச் சேர்ப்பதோடு நில்லாமல், இரண்டு, மூன்று, நான்கு கொண்ட தொகுதிகளை முன்கூட்டியே தயாரித்து அவற்றை இணைத்தது. நீண்ட இழையை வேதியியலால் மட்டும் கட்ட முடியாது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

மாடிசன்: குறியீடு படிக்கப்படுதல்

1960இல் குரானா விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாடிசன் வளாகத்தில் இருந்த நொதி ஆய்வு நிறுவனத்துக்கு இடம்பெயர்ந்தார். அடுத்த ஆண்டே நிரன்பர்க்கும் மத்தேயும், யூராசில் (ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக வரும் எழுத்து) மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ. இழையைச் செல் சாற்றில் இட்டால் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் மட்டுமே கொண்ட புரதம் உருவாகிறது என்று காட்டினார்கள். மரபுக்குறியீட்டின் முதல் சொல் படிக்கப்பட்டுவிட்டது. அதன் பின் பல ஆய்வகங்கள் போட்டிபோட்டன. ஆனால் அவர்களிடம் இருந்த ஆர்.என்.ஏ. இழைகள் பெரும்பாலும் எழுத்துகள் தாறுமாறாகக் கலந்தவை. யூராசிலும் சைட்டோசினும் இந்த விகிதத்தில் உள்ளன என்று சொல்லலாமே தவிர, எதன் பின் எது வருகிறது என்று சொல்ல இயலாது. ஆகவே எந்த எழுத்துகள் என்பது தெரிந்தது, எந்த வரிசை என்பது தெரியவில்லை.

வரிசை தெரிந்த இழை வேண்டும் என்ற நிலை வந்தபோது, அதைத் தரக்கூடிய கருவி குரானாவின் ஆய்வகத்தில் ஆயத்தமாக இருந்தது. நேரடியாக நீண்ட ஆர்.என்.ஏ.வைக் கட்டுவது கடினம், ஆர்.என்.ஏ.வின் சர்க்கரையில் இருக்கும் கூடுதல் ஹைட்ராக்சில், மூடிகளின் கணக்கை இரட்டிப்பாக்குவதோடு, காரக் கரைசலில் இழையையே அறுத்துவிடும். ஆகவே அவர்கள் சுற்றி வந்தார்கள். முதலில் மாறிமாறி வரும் எழுத்துகளைக் கொண்ட குட்டி டி.என்.ஏ. இழைகளை வேதியியலால் கட்டினார்கள். அவற்றை, டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியான, கோர்ன்பெர்க் கண்டறிந்த டி.என்.ஏ. பாலிமரேசிடம் கொடுத்தார்கள், அது அந்த வரிசை மாறாமல் பல மடங்கு நீண்ட இரட்டை இழைகளை உருவாக்கியது. ஒரு இழையில் தைமினும் சைட்டோசினும் மாறிமாறி வந்தால், அதன் இணை இழையில் அடினைனும் குவானைனும் மாறிமாறி வரும். இனி, டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. கட்டும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். அதற்கு மூலப்பொருளாக அடினைன், குவானைன் கொண்ட டிரைபாஸ்பேட்டுகளை மட்டும் கொடுத்தால் முதல் இழை படியெடுக்கப்படும். யூராசில், சைட்டோசின் மட்டும் கொடுத்தால் மற்றது. எந்த இழை படியெடுக்கப்பட வேண்டும் என்பதை, நொதிக்கு எதை உண்ணக் கொடுக்கிறோம் என்பதாலேயே தீர்மானித்த இந்தச் சூழ்ச்சி, என் கணிப்பில் மொத்த ஆய்விலும் மிக நேர்த்தியான பகுதி.

யூராசிலும் சைட்டோசினும் மாறிமாறி வரும் ஆர்.என்.ஏ.வைச் செல் சாற்றில் இட்டபோது, செரினும் லியூசினும் மாறிமாறி வரும் புரதம் கிடைத்தது. இந்த ஒரே முடிவு ஓர் அடிப்படை உண்மையை நிலைநாட்டியது. குறியீடு இரட்டை எண்ணிக்கையில் வாசிக்கப்பட்டால் ஒரே அமினோ அமிலம்தான் வரும். ஒற்றை எண்ணிக்கையில் வாசிக்கப்பட்டால்தான் இரண்டும் மாறிமாறி வரும். மூன்றெழுத்துக் குறியீடு என்பதை அதுவரை மரபியல் சான்றுகள் சுட்டின. இப்போது வேதியியல் நேரடியாகக் காட்டியது.

ஆனால் இரண்டு அமினோ அமிலங்களில் யூ-சி-யூ எது, சி-யூ-சி எது (யூ யூராசில், சி சைட்டோசின், ஏ அடினைன், ஜி குவானைன்)? அந்தப் புரதம் அதைச் சொல்லவில்லை. இங்கே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் இழைகள் உதவிக்கு வந்தன. அப்போது பயன்பட்ட செல் சாறுகளில் மெக்னீசியம் அதிகம். அந்நிலையில், செல்லில் புரதத்தைக் கட்டும் ரைபோசோம் தொடக்கக் குறியைத் தேடாமல் எங்கு வேண்டுமானாலும் வாசிக்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரே இழை, எந்த எழுத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது என்பதைப் பொறுத்த மூன்று வாசிப்புச் சட்டகங்களிலும் வாசிக்கப்பட்டு, மூன்று வெவ்வேறு புரதங்களைத் தரும்; ஒவ்வொன்றிலும் ஒரே அமினோ அமிலம் மட்டும்.

அடினைனும் சைட்டோசினும் மாறிமாறி வரும் இழையில் த்ரியோனினும் ஹிஸ்டிடினும் கிடைத்தன. அதில் இருப்பவை ஏ-சி-ஏ, சி-ஏ-சி என்ற இரண்டு குறியீடுகள். சி-ஏ-ஏ திரும்பத் திரும்ப வரும் இழையில் குளூட்டமின், அஸ்பராஜின், த்ரியோனின் ஆகிய மூன்றும் கிடைத்தன. அதில் இருப்பவை சி-ஏ-ஏ, ஏ-ஏ-சி, ஏ-சி-ஏ. இரண்டுக்கும் பொதுவான குறியீடு ஏ-சி-ஏ. பொதுவான அமினோ அமிலம் த்ரியோனின். ஆகவே ஏ-சி-ஏ த்ரியோனின், எஞ்சிய சி-ஏ-சி ஹிஸ்டிடின். பாடநூல்கள் இந்த வகை எடுத்துக்காட்டோடு நின்றுவிடும். எல்லா இடத்திலும் விடை இவ்வளவு தெளிவாக வரவில்லை என்பதுதான் உண்மை. யூ-யூ-சி திரும்ப வரும் இழையில் ஃபீனைல்அலனின், செரின், லியூசின் மூன்றும் வந்தன. யூ-சி இழையோடு ஒப்பிட்டால் பொதுவான குறியீடு யூ-சி-யூ ஒன்றுதான், ஆனால் பொதுவான அமினோ அமிலங்கள் செரின், லியூசின் என இரண்டு. ஒரே அமினோ அமிலத்துக்குப் பல குறியீடுகள் இருப்பதால் வரும் குழப்பம் இது. லியூசினுக்கு மட்டும் ஆறு.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நிரன்பர்க்கும் பிலிப் லெடரும் 1964இல் கண்டுபிடித்த முறை தேவைப்பட்டது. மூன்றெழுத்து மட்டுமே கொண்ட குட்டி ஆர்.என்.ஏ. கூட, தனக்குரிய அமினோ அமிலத்தைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.வை ரைபோசோமில் பிணைத்துவிடும். வடிதாளில் தங்குவதை அளந்தால் போதும். இதற்கு நான்கு எழுத்துகளால் அமையும் 64 மூன்றெழுத்துச் சேர்க்கைகளும் (மும்மைகளும்) வேண்டும். குரானாவின் குழு 64ஐயும் வேதியியல் முறையில் தயாரித்தது. ஆனால் பிணைப்புச் சோதனையிலும் சில மும்மைகள் மங்கலான விடையே தந்தன. அங்கே நீண்ட இழைகளின் முடிவுகள் தீர்ப்புச் சொல்லின. இரண்டு முறைகளும் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைத்தன. யார் முந்தினார் என்ற வழக்கமான கேள்வியை இந்த இடத்தில் எழுப்புவது வீண்.

புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறியீடுகள் தம்மை வெளிக்காட்டிய விதம் தனிச்சுவை உடையது. ஜி-யூ-ஏ திரும்ப வரும் இழையில் மூன்று புரதங்கள் எதிர்பார்க்கப்பட்டன. வாலின், செரின் என்ற இரண்டே வந்தன. மூன்றாவது சட்டகத்தில் இருப்பது யூ-ஏ-ஜி. ஜி-ஏ-யூ இழையிலும் அஸ்பார்டிக் அமிலம், மெத்தியோனின் இரண்டு மட்டுமே. அங்கே மறைந்திருந்தது யூ-ஜி-ஏ. நான்கெழுத்து திரும்ப வரும் ஜி-யூ-ஏ-ஏ இழையில் நீண்ட புரதமே உருவாகவில்லை. எந்தச் சட்டகத்தில் தொடங்கினாலும் சில படிகளுக்குள் யூ-ஏ-ஏ குறுக்கிட்டது. எதிர்பார்த்தது வராமல் போனதையே சான்றாக்கிய சோதனைகள் இவை. அவற்றை நம்பலாம் என்பதற்குக் காரணம், இழையின் வரிசையில் ஐயத்துக்கு இடமில்லாதிருந்ததுதான்.

77 இணைகள்

குறியீட்டு அட்டவணை 1966 வாக்கில் நிறைவுற்றது. பரிசு வருவதற்கு முன்பே குரானா அடுத்த இலக்கைக் குறித்துவிட்டார்: ஒரு முழு மரபணுவைக் கட்டுவது. ஹாலி 1965இல் ஈஸ்டின் அலனின் கடத்து ஆர்.என்.ஏ.வின் வரிசையை வெளியிட்டிருந்தார். அதற்குரிய மரபணு 77 கார இணைகள் கொண்டதாக இருக்க வேண்டும். டி.என்.ஏ.வின் வரிசையை நேரடியாகப் படிக்கும் எளிய முறை அன்று இல்லாததால், ஆர்.என்.ஏ. வரிசையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே ஒரே வழி, கடத்து ஆர்.என்.ஏ.க்கள் சிறியவை என்பதால் அவையே பொருத்தமான இலக்கு.

திட்டம் இதுதான். 5 முதல் 20 நியூக்ளியோடைடுகள் வரை நீளமுள்ள 15 துண்டுகளை வேதியியலால் கட்டுவது. மேல் இழைத் துண்டின் இணைப்பிடம் கீழ் இழைத் துண்டின் நடுவில் அமையுமாறு அவற்றைத் திட்டமிடுவது. இணைக் காரங்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டு துண்டுகள் தாமாகவே செங்கல் வரிசை போல அடுக்கிக்கொள்ளும். இடையில் எஞ்சும் வெட்டுகளை ஒட்டுவதற்கு 1967இல் கண்டறியப்பட்ட டி.என்.ஏ. லிகேஸ் நொதி வந்து வாய்த்தது.

ஒட்டியதா இல்லையா என்று அறிந்த முறையை அருகிலிருந்து பார்ப்பது தகும். ஒரு துண்டின் ஐந்தாம் முனையில், கைனேஸ் நொதியைக் கொண்டு கதிரியக்கப் பாஸ்பேட்டை ஏற்றுவார்கள். இணைத் துண்டுகளோடு கலந்து லிகேசைச் சேர்ப்பார்கள். பிறகு சிறு பகுதியை எடுத்து, முனைப் பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும் பாஸ்படேஸ் நொதியிடம் கொடுப்பார்கள். ஒட்டாத துண்டின் கதிரியக்கப் பாஸ்பேட் கழன்றுவிடும். ஒட்டிய துண்டில் அது இரு சர்க்கரைகளுக்கு நடுவே பூட்டப்பட்டிருப்பதால் நொதியால் அதைத் தொட முடியாது. எஞ்சிய கதிரியக்கம் எவ்வளவோ, அவ்வளவு ஒட்டியிருக்கிறது.

1970இல் அந்த மரபணு நிறைவுற்றது. அந்த ஆண்டே குரானா மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறினார். ஆனால் அந்த மரபணு ‘வேலை செய்கிறது’ என்று காட்ட அவரிடம் வழியில்லை. அது ஈஸ்டின் மரபணு. அதற்கு முன்னும் பின்னும் தொடக்க, நிறுத்தக் குறிகளாக இயற்கையில் எவை உள்ளன என்பது தெரியாது. வேதியியல் சாதனை முழுமையானது, உயிரியல் சாதனை பாதியில் நின்றது என்றே சொல்ல வேண்டும். அந்நாளைய செய்தித்தாள்கள் இந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்தவில்லை. குரானா அதை உணர்ந்திருந்தார் என்பதற்கு அடுத்த இலக்கே சான்று: எ. கோலை பாக்டீரியாவின் டைரோசின் கடத்து ஆர்.என்.ஏ., அதிலும் நிறுத்தக் குறியீட்டை மீறிப் படிக்கும் வகை. அதன் முன்னோடி ஆர்.என்.ஏ.வின் வரிசையைச் சிட்னி ஆல்ட்மனும் ஜான் ஸ்மித்தும் 1971இல் கண்டிருந்தார்கள். நடுவில் நிறுத்தக் குறி விழுந்து பழுதான மரபணுவைக் கொண்ட பாக்டீரியாவில் இதை நுழைத்தால், பழுது நீங்க வேண்டும். நீங்கினால் மரபணு வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. முன்னால் தொடக்கப் பகுதியும் பின்னால் முடிவுப் பகுதியும் சேர்த்து 207 இணைகள் கொண்ட அந்த மரபணு 1976இல் பாக்டீரியாவுக்குள் செயல்பட்டது. ஆய்வகத்தில் முழுதாகக் கட்டப்பட்டு உயிருள்ள செல்லில் வேலை செய்த முதல் மரபணு அது.

பின்தொடராத ஒரு கட்டுரை

இந்த மரபணு வேலையின் பக்க விளைவாக 1971இல் நார்வேக்காரரான ஷெல் கிளெப்பேவும் குரானாவும் பிறரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குரானாவின் ‘பாலிநியூக்ளியோடைடு ஆய்வுகள்’ வரிசையில் அது 96ஆவது. இரட்டை இழையைச் சூடாக்கிப் பிரித்து, இரு முனைகளுக்கும் உரிய குட்டித் தொடக்க இழைகளை மிகுதியாகச் சேர்த்துக் குளிர்வித்து, பாலிமரேசை இட்டால் இரண்டு பிரதிகள் கிடைக்கும். இதை மீண்டும் மீண்டும் செய்யலாம், ஒவ்வொரு முறையும் புதிய நொதியைச் சேர்க்க வேண்டியிருக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்க 1983இல் கேரி முல்லிஸ் கருத்துருவாக்கிய பி.சி.ஆர். முறையின் அடிப்படை இதில் தெளிவாக இருக்கிறது. பி.சி.ஆர். காப்புரிமையை எதிர்த்து டூபாண்ட் நிறுவனம் தொடுத்த வழக்கில் குரானா குழுவின் கட்டுரைகளே முக்கியச் சான்றாக வைக்கப்பட்டன. ஆனால் 1991இல் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்ற நடுவர் குழு, முல்லிஸ் பணியாற்றிய செட்டஸ் நிறுவனத்தின் காப்புரிமையைச் செல்லும் என்றே தீர்த்தது.

குரானா அதை ஏன் தொடரவில்லை? அந்தக் காலச் சூழலே பெரும்பகுதிக் காரணம் என்பது என் கருத்து. தொடக்க இழை ஒன்றைக் கட்டவே மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. எந்த மரபணுவின் முனைகளைப் படியெடுப்பது என்று தீர்மானிக்க வேண்டிய வரிசைகளும் கைவசம் இல்லை. சூட்டில் நொதி ஒவ்வொரு சுற்றிலும் கெட்டது. வெப்பம் தாங்கும் டாக் பாலிமரேஸ் 1976இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. எனினும் மற்றொன்றையும் சொல்லாமல் விட முடியாது: குரானாவுக்குப் படியெடுப்பது நோக்கமன்று, கட்டுவதே நோக்கம். ஒரு மூலக்கூறைப் பெருக்குவது அவருக்கு வழிநடுவில் ஒரு வசதி மட்டுமே. 1993ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசை முல்லிஸோடு பகிர்ந்துகொண்டவர், வான்கூவரில் டைமெத்தாக்சிடிரைட்டிலை உருவாக்கிய அதே மைக்கேல் ஸ்மித். குறிப்பிட்ட இடத்தில் மரபணுவை மாற்றும் முறைக்காக அவர் பெற்றார்.

இணைப்புப் பாஸ்பேட்டை மூடாமல் விட்ட குரானாவின் பாஸ்போடைஎஸ்டர் வழி, தொழில்நுட்பமாக நிலைக்கவில்லை. பாஸ்பேட்டையும் மூடிவைத்தால் இழை கரிமக் கரைப்பான்களில் கரையும் என்று ராபர்ட் லெட்சிங்கர் என்ற வேதியியலர் காட்டிய வழியே வென்றது. லெட்சிங்கரின் மாணவரும் பின் குரானாவிடம் பயின்றவருமான மார்வின் கருத்தர்ஸ், போகாஜுடன் சேர்ந்து 1981இல் வெளியிட்ட பாஸ்பரமைடைட் முறையில் ஒரு சேர்க்கை சில நிமிடங்களில் முடிந்தது. 99 விழுக்காடு வெற்றி என்று வைத்தால், அதே 20 நியூக்ளியோடைடு இழையில் எஞ்சுவது 82 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் அந்த முறையிலும் காரங்களின் மூடிகளும் ஐந்தாம் முனையின் மூடியும் குரானாவின் ஆய்வகத்திலிருந்து வந்தவையே.

துறையை விட்டு விலகல்

1970களின் நடுவிலேயே குரானா செல் சவ்வுகளில் பதிந்திருக்கும் புரதங்களின் பக்கம் திரும்பிவிட்டார். மரபணு செயல்பட்ட காலம் அது; மரபணுப் பொறியியல் பெரும் பொருளும் புகழும் தரும் துறையாக மாறத் தொடங்கிய நேரமும் அதுவே. அந்தக் கட்டத்தில் அவர் ஒளியால் இயங்கும் பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதத்தையும், பின்னர் கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சினையும் எடுத்துக்கொண்டார். மாட்டின் ரோடாப்சினுக்குரிய மரபணுவை அவரது குழு 1986இல் முழுதாகக் கட்டி வெளியிட்டது. இம்முறை மரபணுவைக் கட்டுவது சாதனையாகப் பேசப்படவில்லை. அதன் நெடுகிலும் வெட்டு நொதிகளுக்கான இடங்களை முன்கூட்டியே வைத்திருந்தார்கள், எந்தப் பகுதியையும் கழற்றி வேறொரு துண்டைப் பொருத்திப் புரதத்தின் எந்த அமினோ அமிலத்தையும் மாற்றிப் பார்ப்பதற்காக. அப்படி மாற்றிய இடங்களில் அசைவைக் காட்டும் சுழற்சிக் குறியிகளை (spin labels) பொருத்தி, வெய்ன் ஹப்பலின் குழுவோடு சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வு, ஒளி பட்டவுடன் ரோடாப்சினின் சுருள்களில் ஒன்று மற்றொன்றை விட்டு விலகி நகர்வதையும், அந்த நகர்வைத் தடுத்தால் புரதம் செயலிழப்பதையும் காட்டியது. குரானா 2007இல் ஓய்வு பெற்றார். 2011 நவம்பர் 9 அன்று மாசசூசெட்ஸில் காலமானார்.